நாற்பது குலுக்கலும் ஒரு பேரினமும்

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பூவரச மரம் இருக்கிறது. மழை விட்ட மறுநாள் காலையில் அதன் தண்டில், தரையிலிருந்து நான்கடி உயரம் வரைக்கும் எண்ணினால், எழுபதுக்குக் குறையாமல் துள்ளுவால்கள் இருக்கும். குறைந்தால் எனக்குக் கவலை வந்துவிடும். பக்கத்து வீட்டில் கொசு மருந்து அடித்தார்களோ, யாராவது மரத்தடியில் சோப்புத் தண்ணீர் கொட்டினார்களோ என்று அன்று முழுக்க அதே நினைப்பாக இருக்கும்.

துள்ளுவால் என்பது நான் வைத்துக்கொண்ட பெயர். ஆங்கிலத்தில் ஸ்பிரிங்டெயில் என்பார்கள். நம்மூரில் இதற்குத் தனிப் பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. குளியலறைச் சுவரில் கண்டால் பூச்சி என்று சொல்லித் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். நீளம் இரண்டு மில்லிமீட்டர் கூட வராது. வயிற்றின் அடியில் கவட்டை போல ஒரு சிறு கவை மடங்கிக் கிடக்கும். பயந்தால் அந்தக் கவை விடுபட்டுத் தரையை உதைக்கும், ஆள் காணாமல் போய்விடும். ஆறு கால்கள் இருந்தாலும் இது பூச்சி வகுப்பில் சேராது. பூச்சியின் வயிற்றில் பதினொரு கண்டங்கள் வரை உண்டு, இதற்கு ஆறேதான். எண்ணினால் தெரிந்துவிடும். எண்ணாமல் நான் நிச்சயமாகத் தெரிந்துகொண்டது எதுவும் இல்லை.

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் முப்பத்து நான்கு வருடங்கள் விலங்கியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன். அதன் பிறகு மாடி அறையில் ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு ஆறு வருடங்கள் இந்தப் பூவரசத் துள்ளுவாலோடு உட்கார்ந்திருந்தேன். மாடிக்குப் பதினேழு படிகள். கரண்டு குறைந்தால் மைக்ராஸ்கோப்பின் விளக்கு மஞ்சளாகும், மஞ்சளானால் மயிர் எண்ணிக்கை தவறும், தவறினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அதற்காகவே ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கினேன். அது ஓடும்போது எழுப்பும் சத்தத்தைப் பற்றியும் கவலைப்பட்டேன்.

ஒரு துள்ளுவால் எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்று முடிவு செய்ய, இரண்டிரண்டாகக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். உடல் நீண்டதா, உருண்டையா? நீண்டது. வயிற்றின் நான்காம் கண்டம் மூன்றாவதைவிட மிகப் பெரியதா? ஆமாம். உணர்கொம்பில் எத்தனை கணுக்கள்? நான்கு. கண்கள்? பக்கத்துக்கு எட்டு. கவையின் நுனியில் பல் ஒன்றா, இரண்டா? இரண்டு, அடியில் ஒரு முள். இதுவரை சிக்கல் இல்லை. அடுத்த கேள்விதான் முக்கியமானது. உடலில் செதில் உண்டா, இல்லையா? இல்லையென்றால் என்டமோப்ரியா என்ற பேரினம். உண்டென்றால் பாதை வேறு பக்கம் திரும்பிவிடும்.

என்னிடம் நூற்று நாற்பத்து மூன்று ஸ்லைடுகள் இருந்தன. செதில் கிடையாது. ஒன்பது ஸ்லைடுகளில் மட்டும் ஒன்றிரண்டு செதில்கள் முதுகோரம் ஒட்டிக் கிடந்தன. மரப்பட்டையில் அந்துப்பூச்சி உட்காரும், அதன் இறக்கையிலிருந்து உதிர்ந்து ஒட்டியிருக்கும் என்று நோட்டில் எழுதி, அவற்றைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டேன். ஆகவே என்டமோப்ரியா.

இங்கே என் செய்முறையைச் சொல்ல வேண்டும். மரத்தடியில் வெள்ளை எனாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு பட்டையைத் தட்டுவேன். விழுவதை ஈரத் தூரிகையால் தொட்டெடுத்து ஆல்கஹால் குப்பியில் போடுவேன். பிறகு மூடியை இறுக்கி நாற்பது தடவை குலுக்குவேன். ஆல்கஹாலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி, ஒவ்வொன்றையும் தூரிகையால் துலக்குவேன். கல்லூரிப் பழக்கம் இது. மாணவர்கள் மண்ணோடும் தூசோடும் மாதிரிகளைக் கொண்டுவருவார்கள், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முகம் சுளிப்பார். அதனால் எங்கள் துறையில் கழுவாத மாதிரி மைக்ராஸ்கோப்புக்குப் போகாது என்று ஒரு விதியே வைத்திருந்தோம். நாற்பது என்ற எண்ணிக்கை நான் போட்டது. முப்பதில் தூசி மிச்சமிருந்தது, ஐம்பதில் உணர்கொம்பு ஒடிந்தது.

அப்படிச் சுத்தம் செய்த உடல்களில் ஒரு விசேஷத்தைக் கண்டேன். மயிர் முளைக்கும் இடத்தில் தோலில் ஒரு வளையம் இருக்கும். மயிர் விழுந்தாலும் வளையம் இருக்கும், அதை எண்ணலாம். என் துள்ளுவாலில் இந்தப் பெரிய வளையங்களுக்கு நடுவே, மயிரே இல்லாத சின்னச் சின்ன வளையங்கள் நிறைய இருந்தன. மார்பின் இரண்டாம் கண்டத்தில் மட்டும் ஐம்பத்தெட்டிலிருந்து அறுபத்தாறு வரை. வேறெந்த என்டமோப்ரியாவிலும் இப்படி இருப்பதாக நான் படித்த கட்டுரை எதிலும் இல்லை. அப்படியானால் இது இதுவரை யாரும் விவரிக்காத சிற்றினம். பதினான்கு பக்கங்களில் கட்டுரை எழுதினேன். சிற்றினத்துக்கு என் மனைவியின் பெயரை வைத்தேன்.

அவளிடம் சொன்னபோது அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் பேரையா? பூச்சிக்கா?"

"பூச்சி இல்லை. துள்ளுவால்."

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு கொலுசு வாங்கிக் குடுக்கத் தோணல. துள்ளுறதுக்குப் பேரு வெக்கிறாராம்."

"இது நிரந்தரம். நாம போனப்புறமும் இருக்கும்."

"கொலுசும்தான் இருக்கும்."

இப்படிச் சொன்னாளே தவிர, அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று பதினொரு பெண்களிடம் சொல்லிவிட்டாள். குடையோடு கொஞ்சம் தள்ளி நின்று நான் எண்ணினேன். அதில் ஒருத்தி பாரிசில் இருக்கும் தன் தங்கைக்கு அங்கேயே போன் போட்டுச் சொன்னாள். அன்று முதல் கோயிலில் என் மனைவியைப் பார்த்தால் எல்லாரும் துள்ளுவாலை விசாரித்தார்கள். எப்போது புத்தகத்தில் வரும், படம் போடுவார்களா என்று கேட்டார்கள். அவள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்ததாகவே எனக்குத் தோன்றியது. நானும்தான்.

கட்டுரையைப் பத்திரிகை ஏற்றுக்கொண்டது. சில மாதம் கழித்து, அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க மெய்ப்பு மின்னஞ்சலில் வந்தது. மூன்று நாட்களுக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். நான் அதை இரண்டு பிரதிகளாக அச்செடுத்தேன். முதல் நாள் இருபத்தாறு திருத்தங்கள் போட்டேன், எல்லாம் காற்புள்ளி, இடைவெளி.

இரண்டாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருந்தார்கள். அதிலிருந்து வீட்டில் எந்த மூலையும் அவளுக்குத் தப்பவில்லை. ஒட்டடை, என் சட்டைக் காலரின் அழுக்கு, எல்லாம் புதிதாகத் தெரிந்துகொண்டிருந்தன. துணி உலர்த்தப் போனவள் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னாங்க! இங்க வாங்க. உங்க பூச்சி ஏன் மினுக்குது?"

"ஈரம்" என்றேன், எழுந்திருக்காமல்.

"ஈரம்னா மரம் பூரா மினுக்கணும். இது மட்டும் ஜிகினா தூவுன மாதிரி இருக்கு."

"மழைத்தண்ணி ஒட்டியிருக்கும்."

"மாடில கூட்டிட்டுப் போயி காட்டுனீங்களே, அது மொட்டையா கெடந்துச்சு. இது வேற பூச்சியா? என் பேரு எதுக்கு? மொட்டைக்கா, மினுக்கறதுக்கா?"

கோபத்தோடுதான் போனேன். கைலென்சை எடுத்துக்கொண்டு மரத்தருகே போனதும் என் நிழல் விழுந்து அவ்வளவும் துள்ளி மறைந்தன. அவள் சிரித்தாள். "கிட்டப் போயி முட்டாம நில்லுங்க. நான் துணி பிழியிற நேரம் பூரா அசையாமத்தான் உக்காந்திருந்துச்சு." நிழல் விழாத பக்கமாக நின்று காத்திருந்தேன். இருநூறு எண்ணுவதற்குள் அவை திரும்பி வந்தன. உண்மைதான். ஒவ்வொன்றின் முதுகும் வெள்ளியும் செம்புமாகப் பளபளத்தது. ஈரம் அப்படிப் பளபளக்காது என்று எனக்குத் தெரியும்.

ஆறு வருடங்களில் உயிரோடு ஒன்றைக்கூட நான் உட்கார்ந்து பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எத்தனை இருக்கின்றன, எங்கே தட்ட வேண்டும், எப்போது தட்ட வேண்டும் என்பதற்காக மட்டுமே மரத்தைப் பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் செத்த பிறகு பார்த்தவை.

உடனே வேறு வழியில் பிடித்தேன். தட்டும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம், ஆல்கஹாலும் வேண்டாம் என்று காய்ந்த கண்ணாடிக் குழாயைப் பட்டை மேல் கவிழ்த்துப் பிடித்தேன். அவையே துள்ளி உள்ளே போயின. பதினொன்று கிடைத்தன. குழாயைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் வைத்தேன்.

"தயிர் பக்கத்துல வெக்காதீங்க" என்றாள் பின்னாலிருந்து.

"தயிர் கீழ்த்தட்டுல இருக்கு."

"ஐஸ்கிரீம் பக்கத்துலயும் வெக்காதீங்க."

இருபது நிமிடம் கழித்து, அசையாமல் கிடந்த ஒன்றைக் காய்ந்தபடியே மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தலையிலிருந்து வயிற்றின் கடைசி வரை செதில். ஓட்டுவீட்டுக் கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் நுண்ணிய கோடுகள். அந்துப்பூச்சிச் செதில் என்று நான் தள்ளிய அதே செதில், அதே கோடுகள். அந்துப்பூச்சி ஒரு நாளும் அங்கே உட்காரவில்லை.

ஒரு தவறு எங்கே நடந்தது என்று தெரியாமல் இருப்பதுதான் என்னைப் படுத்தும். இது இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, இனி எண்ண வேண்டியதுதான் பாக்கி. இன்னொன்றை எடுத்து ஆல்கஹால் குப்பியில் போட்டுப் பத்து தடவை குலுக்கினேன். நடு முதுகு வெறுமையாகிவிட்டது. இருபதில் பக்கங்கள். நாற்பதில் கழுத்தோரம் ஏழு செதில்கள் மட்டும் மிச்சம். தூரிகையால் ஒரு தடவை துலக்கினேன், அவையும் போயின. குப்பியின் அடியில் மெல்லிய பொடி படிந்திருந்தது. அதில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். முழுக்கச் செதில். ஆறு வருடங்களாகத் தூசி என்று நினைத்து நான் வாஷ்பேசினில் கொட்டியது இதைத்தான்.

மொட்டை உடலை மருந்தில் ஊறவைத்து, ஒளி ஊடுருவும்படி ஆக்கி, வளையங்களை எண்ணினேன். மார்பின் இரண்டாம் கண்டத்தில் சின்ன வளையங்கள் அறுபத்து மூன்று. மயிர் இல்லாத வளையங்கள் என்று கட்டுரையில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேனே, ஒவ்வொன்றும் ஒரு செதிலின் காம்பு இருந்த இடம். எந்த அடையாளத்தை வைத்துப் புதிய சிற்றினம் என்று சொன்னேனோ, அது என் குலுக்கல் உண்டாக்கிய அடையாளம்.

செதில் உண்டு என்ற பக்கம் திரும்பிக் கேள்விகளைத் தொடர்ந்தேன். உடலில் செதில், கவையில் இல்லை, நுனியில் இரண்டு பல். மூன்று கேள்விகளில் வில்லோவ்சியா என்ற பேரினத்தில் வந்து நின்றது. அந்தப் பேரினத்துக்கான பழைய விவரிப்புகளை எடுத்துவைத்து நிறம், மயிர், கவையின் அளவு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். மாலைக்குள் தெரிந்துவிட்டது. நெடுங்காலத்துக்கு முன்பே பெயர் வைக்கப்பட்ட, வீட்டுச் சுவரிலும் மரப்பட்டையிலும் திரியும் சாதாரணத் துள்ளுவால். இருபத்திரண்டு அம்சங்களில் இருபத்திரண்டும் பொருந்தின.

அன்று மாலை எங்கள் கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருந்தவர் ஸ்கூட்டரில் வந்தார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அவர் பெயர் இருந்தது, மெய்ப்பில் அதைப் பார்க்க வந்திருந்தார். நான் எல்லாவற்றையும் காட்டினேன். மைக்ராஸ்கோப்பில் இரண்டு கண்ணும் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு சார்."

"அழகா இருக்கிறதுதான் பிரச்சினை."

"யாரு சார் பாக்கப்போறா? உலகத்துல இதை எண்ணிப் பாக்கறவங்க ஒரு ஜீப்புக்குத் தேறுவாங்களா?"

"ஒருத்தர் போதும்."

"அவரு கண்டுபிடிக்க இருவது வருஷம் ஆவும். அதுக்குள்ள நாம ரெண்டு பேருமே..." என்று மேலே கையைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாங்களே சார். என் சம்சாரத்துக்கிட்டயே சொல்லிட்டாங்க. அவங்க மூஞ்சிய நெனச்சுப் பாருங்க."

நான் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டுரை போவது எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. வாசலில் பதினொரு பெண்கள் விசாரிப்பார்கள், அவர்கள் நடுவில் அவள் நிற்பாள். மெய்ப்பை இருபத்தாறு திருத்தங்களோடு அனுப்பிவிட்டால் அவள் பெயர் அச்சில் வரும். அனுப்ப ஒரு நாள் மிச்சமிருந்தது. உதவியாளர் காப்பி குடித்துவிட்டுப் போனார். நான் பதினேழு படிகளும் இறங்கி அடுக்களைக்குப் போனேன்.

"அது என்டமோப்ரியா இல்லை" என்றேன்.

"மினுக்கறதா, மொட்டையா?"

"ரெண்டும் ஒண்ணுதான். நான் குலுக்கி மொட்டையாக்கிட்டேன். புதுசும் இல்லை. ஏற்கெனவே வேற பேர் இருக்கு."

அவள் அடுப்பைத் தணித்தாள். "அப்ப என் பேரு?"

"அனுப்பினா வரும். ஆனா தப்பு."

அவள் கரண்டியைக் கழுவினாள், கழுவினதையே மறுபடி கழுவினாள். அவளுக்கு வருத்தம் என்று தெரிந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"தப்பான பூச்சிமேல என் பேர எழுதி வெச்சு, நாளைக்கு எவனாவது படிச்சுட்டு, யாருடா இந்தப் பொம்பளைன்னு சிரிக்கவா? போடுங்க கடுதாசி. இப்பவே போடுங்க. சோறு அப்புறம்."

"கோயில்ல கேப்பாங்க."

"அது என் பாடு."

கடிதத்தை ஐந்து தடவை எழுதினேன். நான்காவது வரைவு வரை என் செய்முறைக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில் காரணங்களை எடுத்துவிட்டு, மாதிரிகளைக் குலுக்கியதால் செதில்கள் உதிர்ந்தன, பேரினம் வில்லோவ்சியா, சிற்றினம் ஏற்கெனவே விவரிக்கப்பட்டது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று மட்டும் எழுதினேன். நான்கு வரிகள். அவள் பக்கத்தில் நின்று, அனுப்பு என்ற பொத்தானை நான் அழுத்தியதும், "வொலா" என்றாள். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். ஒரு காரியம் முடிந்தால் அந்த ஒரு சொல் அவளுக்குத் தானாக வரும்.

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது. நன்றி என்றும், குலுக்கிப் பார்த்த சோதனையை மட்டும் ஒரு சிறு குறிப்பாக எழுதித் தரலாமே என்றும் கேட்டிருந்தார். எழுதினேன். பத்து, இருபது, நாற்பது குலுக்கல்களுக்குப் பிறகு எத்தனை செதில்கள் மிஞ்சுகின்றன என்று ஒரு அட்டவணை. ஒன்றரைப் பக்கம். என் ஆயுளில் நான் எழுதியதில் தவறே இருக்க முடியாத ஒன்று அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு மனம் ஒட்டவில்லை. முடிந்ததும் குடையோடு வழக்கமான இடத்தில் நின்றேன். ஒன்பது பெண்கள்தான் இருந்தார்கள். பாரிசில் தங்கை உள்ளவள்தான் முதலில் கேட்டாள்.

"என்னக்கா, உங்க பேருல பூச்சி வந்துடுச்சா?"

"வரல" என்றாள் என் மனைவி. "அது வேற வகை. இவரு கழுவிக் கழுவி அதும் மேல இருந்த மினுக்க பூரா எடுத்துட்டாரு. நான்தான் மரத்துல பாத்துச் சொன்னேன்."

"அய்யோ, அப்ப உங்க பேரு போச்சா?"

"போச்சு. நானேதான் எடுத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். "ஆறு வருஷமா சார் பாக்காதத நீங்க துணி காயப்போடும்போது பாத்தீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆப்பரேஷன் பண்ண கண்ணுடி" என்றாள் இவள். நான் குடையை மடக்கிக்கொண்டு அவர்கள் பக்கம் போனேன். இனித் தள்ளி நிற்க வேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு பெண், நோணாங்குப்பத்திலிருந்து வருபவள், என்னைக் கேட்டாள். "சார், எங்க வீட்டுக் குளிக்கிற ரூம்ல வெள்ளையா துள்ளுதே, அது எது?"

"பாக்காம சொல்ல மாட்டேன். கொண்டு வாம்மா. தண்ணியில போடாதே, பிரஷ்ல தொடாதே. காய்ஞ்ச பாட்டில்ல அதுவே ஏறட்டும். வழியில குலுக்காதே."

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு காலி மாத்திரை பாட்டிலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். உள்ளே ஆறு இருந்தன. அன்றைக்கு நான் மைக்ராஸ்கோப்பின் விளக்கைப் போடவில்லை. பாட்டிலை ஜன்னலருகே வெளிச்சத்தில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உயிரோடு இருக்கும்போதே முதலில் பார்த்தேன். வெள்ளைதான், மினுமினுப்பு இல்லை. கண் இருக்கிறதா என்று தெரியவில்லை. என் மனைவி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"கண்ணே இல்ல இதுக்கு" என்றாள்.

அப்படியானால் வேறு பேரினம். நோட்டில் புதிய பக்கம் எடுத்து எழுதினேன்: கண்கள், பக்கத்துக்குப் பூஜ்யம்.